பழைய தீயணைப்பு அச்சுப்படத்தை எப்படிப் பார்ப்பது?

நியூயார்க் நகரில் 1865 வரை தீயை அணைத்தவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்களது வீரத்தை வீட்டுச் சுவரில் மாட்டத்தக்க படமாக்கி விற்றவர்களில் முதன்மையானவர் நத்தானியேல் கரியர். 'தீயணைப்பு வீரரின் வாழ்க்கை' என்ற வரிசையில், ஜெர்மனியில் பிறந்த லூயி மௌரர் வரைந்த நான்கு பெரிய படங்களை அவர் 1854இல் வெளியிட்டார்.

அத்தகைய படம் கைக்கு வந்தால், தீப்பிழம்பில் மயங்காமல் முதலில் படத்தின் கீழே அச்சிட்ட அடிவரியைப் படிக்க வேண்டும். வெளியீட்டாளராக 'என். கரியர்' மட்டும் இருந்தால் படம் பெரும்பாலும் 1857க்கு முந்தையது. ஜேம்ஸ் ஐவ்ஸ் பங்காளியான அவ்வாண்டிலிருந்துதான் 'கரியர் அண்ட் ஐவ்ஸ்' என்ற பெயர் தொடங்குகிறது. ஆனால் அடிவரி சொல்வது படத்தின் வயதை மட்டுமே, தாளின் வயதை அன்று. இருபதாம் நூற்றாண்டின் நாட்காட்டிப் பிரதிகளிலும் அதே வரி அப்படியே இருக்கக்கூடும்.

எனவே உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, புகை படர்ந்த பகுதியைப் பாருங்கள். வரிசையாக அடுக்கிய புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் அச்சான பிற்காலப் பிரதி. சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து அச்சிட்டதாயின், சொரசொரப்பான, ஒழுங்கற்ற மணிகளே தெரியும். அதன் மேல் கையால் பூசிய வண்ணம், சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். ஒரே படத்தின் இரு பிரதிகளில் வானத்தின் நிறம் வேறுபட்டால் ஐயுற வேண்டியதில்லை. கைவண்ணத்தின் இயல்பு அது.

சட்டத்துக்குள் அடக்குவதற்காக ஓரத்தை வெட்டி, அடிவரியை இழந்த படங்களும் உண்டு. (வெட்டியவரை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.) அப்போது காட்சியைத்தான் கேட்க வேண்டும்: வண்டியை இழுப்பது யார், பம்பை இயக்குவது எது? 1854இன் படங்களில் ஆட்களே கயிற்றைப் பிடித்து வண்டியை இழுத்தோடுகிறார்கள். தீயருகே இருபுறமும் வரிசையாக நின்று, நீண்ட கைப்பிடிகளை மாறிமாறி அழுத்தித் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். 1861இல் அந்த வரிசையில் சேர்ந்த படத்துக்குத் தலைப்பே 'நீராவியும் தசைவலிமையும்' என்பதுதான். தொண்டர் படை கலைக்கப்பட்டு ஊதியப் படை வந்தபின், 1866இல் வெளியான படத்தில் நீராவிப் பம்பைக் குதிரைகள் இழுக்கின்றன.