மோட்டார்ஹோம் டீசல் ஹீட்டர்: பழுதுபார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்கும், அதையும் தாண்டி வட தாய்லாந்து, லாவோஸ், சீனாவின் யுன்னான் வரைக்கும் சொந்த வேனில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நம்மிடையே இருக்கின்றன. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அமைத்து, இருக்கைக்குக் கீழே ஒரு டீசல் ஹீட்டரையும் பொருத்திக்கொள்கிறார்கள். செந்தூலில் வாகன மின்வேலை செய்துவரும் என்னிடம் ஆண்டிறுதிப் பயணங்களுக்கு முன்னால் இந்த ஹீட்டர்கள் பழுது என்று வருகின்றன. அவற்றில் பலவற்றில் ஹீட்டருக்குள் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. மின்சாரமும் டீசலும் காற்றும் அதை வந்து சேரும் வழியில்தான் கோளாறு இருக்கிறது. அந்த வழியைப் பார்க்காமல் நேராக ஹீட்டரைப் பிரிப்பதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

நம் ஊருக்கே உரிய ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பகலில் 33 டிகிரி வெயிலில் வேனை நிறுத்தி, கட்டுப்பாட்டுப் பலகையில் 25 டிகிரி என்று வைத்துவிட்டு, ஹீட்டர் எரியவில்லை என்று அழைப்பவர்கள் உண்டு. அறையின் வெப்பம் ஏற்கெனவே கேட்ட அளவைத் தாண்டியிருப்பதால் ஹீட்டர் பற்றவைக்காமல் காத்திருக்கிறது, அவ்வளவுதான். சோதனைக்கு வெப்பநிலைப் பயன்முறையிலிருந்து கைமுறைப் பயன்முறைக்கு மாற்றி, டீசல் பம்ப்பின் வேகத்தை நாமே வைத்து ஓட்ட வேண்டும். அதையும் அதிகாலையில் செய்வது நல்லது. உள்ளே இழுக்கும் காற்றே சூடாக இருந்தால், அதிக வெப்பப் பாதுகாப்பு குறுக்கிட்டு ஹீட்டரை அணைத்துவிடும், நாமும் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஹீட்டர் வேலை செய்யும் முறை எளியது. பம்ப் ஒவ்வொரு ‘டிக்’ ஒலிக்கும் ஒரு சிறு அளவு டீசலைத் தள்ளுகிறது. குளோ பிளக் சிவந்து அதைப் பற்றவைக்கிறது. எரியும் அறையின் வெப்பம் அலுமினியச் சுவரின் வழியாக வேறொரு காற்றோட்டத்துக்குப் போய், அந்தக் காற்றுதான் வேனுக்குள் வருகிறது. எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வந்து வெளியிலேயே போக வேண்டும். இரண்டும் எங்கும் கலக்கக் கூடாது.

பற்றவைக்கும் சில நிமிடங்களில் குளோ பிளக் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கிறது. எரியத் தொடங்கிய பிறகு ஓரிரு ஆம்பியர் போதும். இந்த முதல் சில நிமிடங்களில்தான் மின்கோளாறு வெளிப்படுகிறது. சென்ற ஆண்டு கிள்ளானிலிருந்து வந்த ஒரு தம்பி, “அண்ணே, பேட்டரி புதுசு, 12.4 காட்டுது, அப்புறம் ஏன் பத்தமாட்டேங்குது?” என்று கேட்டார். பேட்டரியின் முனையில் அளந்தால் 12.4 வோல்ட் இருந்தது உண்மைதான். குளோ பிளக் இழுத்துக்கொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் முனைகளை ஹீட்டரின் சொருகியிலேயே வைத்துப் பார்த்தேன், 10.5 வோல்ட். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர், நீளம் ஒருவழி 5 மீட்டர். போகவர 10 மீட்டர் செம்புக் கம்பியின் தடை 0.17 ஓம், 10 ஆம்பியர் ஓடினால் கம்பியிலேயே 1.7 வோல்ட் தொலைகிறது, மீதி பச்சை பிடித்த பியூஸ் தாங்கியில் தொலைந்திருந்தது. அந்த அளவில் குளோ பிளக்கும் முழுதாகச் சிவக்காது, கட்டுப்பாட்டுப் பலகையும் மின்னழுத்தம் குறைவு என்று நிறுத்திவிடும். அவர் அதற்குள் இரண்டு குளோ பிளக்குகள் வாங்கி மாற்றியிருந்தார். தடித்த கம்பி போட்டு, பியூஸ் தாங்கியை மாற்றியதும் முதல் முயற்சியிலேயே பற்றிக்கொண்டது. ஆகவே மின்னழுத்தத்தை ஹீட்டரின் முனையில், சுமை ஏறியிருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் பேட்டரியை அளப்பது எதையும் சொல்லாது.

அடுத்தது டீசல். இதில் மலேசியர்களான நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் எண்ணெய் நிலையங்களில் விற்கும் டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு கலப்பது 2019-இல் நடைமுறைக்கு வந்தது. நம் வெயிலில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் பாமாயில் பயோடீசல் தனியாக இருந்தால் சுமார் 15 டிகிரியிலேயே கலங்கி மெழுகு போலத் திரளத் தொடங்கிவிடும். டீசலோடு கலந்த நிலையில் அந்த அளவு இன்னும் கீழே இறங்கும் என்றாலும், வெறும் டீசலைவிட முன்னதாகவே திரளும். வேனின் பெரிய தொட்டியில் இருப்பது ஓட்ட ஓட்டத் தீர்ந்து, வழியில் அந்தந்த ஊர் டீசல் ஏறிவிடுகிறது. ஹீட்டருக்கென்று தனியாக வைத்த 10 லிட்டர் தொட்டியிலோ, மணிக்கு 0.1 முதல் 0.3 லிட்டர் வரைதான் செலவாவதால், கோலாலம்பூரில் ஊற்றிய டீசலே மலைமேல் உறைபனி விழும் இரவிலும் கிடக்கிறது. என்ஜின் நன்றாக ஓடுகிறது, ஹீட்டர் மட்டும் நின்றுவிடுகிறது என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது அந்தச் சிறு தொட்டியையும் அதன் ஃபில்டரையும்தான். குளிர்ப்பகுதிக்குள் நுழையும் முன்பே அதை வடித்துவிட்டு, அங்கே குளிர்காலத்துக்கென்று விற்கும் டீசலை ஊற்றி, ஹீட்டரைக் கால்மணி நேரம் ஓட்டி, குழாயிலும் பம்பிலும் அது வந்து சேரும்படி செய்ய வேண்டும். மெழுகைக் கரைக்கப் பெட்ரோல் சேர்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது தீவிபத்துக்கு வழி.

பயோடீசல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். நம் ஈரக்காற்றில் பத்து மாதங்கள் பாதித் தொட்டியில் கிடந்தால் அடியில் நீர் தேங்கி, அந்த நீருக்கும் டீசலுக்கும் இடையில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுத்த வழவழப்பான படிவை உண்டாக்குகின்றன. அதைக் கண்ட பிறகு ஃபில்டரை மட்டும் மாற்றுவது போதாது. தொட்டியைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும்.

பம்ப் ‘டிக் டிக்’ என்று அடிக்கிறது, ஆனாலும் பற்றவில்லை என்றால், ஒளி ஊடுருவும் குழாயை டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஊசிமுனை அளவுக் குமிழி ஒன்றிரண்டு போவது பெரிதில்லை. விரல் நீளத்துக்குக் காற்று இடைவெளி நகர்ந்துவந்தால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது. பம்ப்பைப் படுக்கையாகப் பொருத்துவதும் இங்கே சேரும். வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால்தான் காற்று தானே வெளியேறும். சீனத் தயாரிப்புகளோடு வரும் மென்மையான பச்சைக் குழாய் ஒவ்வொரு ‘டிக்’குக்கும் உப்பிச் சுருங்கி, பம்ப்பின் அழுத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்வதால், அதை எடுத்துவிட்டு உள்விட்டம் 2 மில்லிமீட்டர் உள்ள கெட்டியான நைலான் குழாய் போடச் சொல்வேன்.

எரியவில்லை என்றதும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவது மிகவும் கெடுதலான பழக்கம். ஒவ்வொரு முயற்சியிலும் டீசல் எரியும் அறைக்குள் போய்த் தேங்குகிறது. கடைசியில் ஒருவழியாகப் பற்றும்போது அத்தனையும் சேர்ந்து எரிந்து, புகைக்குழாயிலிருந்து வெண்புகை மேகம்போல் கிளம்பும். சில வேளைகளில் தீ நாக்கும் வெளிவரும். இரண்டு முயற்சிகளோடு நிறுத்திக்கொண்டு காரணத்தைத் தேடுங்கள். வெண்புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவைப்புதான் போதவில்லை என்று பொருள். கரும்புகை வந்தால் டீசல் மிகுதி அல்லது காற்று குறைவு. புகையே இல்லையென்றால் பெரும்பாலும் டீசலே வரவில்லை. பலகையில் தோன்றும் பிழை எண்ணை இணையத்தில் கிடைத்த ஏதோவொரு பட்டியலோடு ஒப்பிடாதீர்கள். கட்டுப்பாட்டுப் பலகை மாறினால் எண்ணின் பொருளும் மாறிவிடுகிறது.

மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும் ஹீட்டரின் காற்றுக்குழாயில் குளவி மண்கூடு கட்டிவிடும் என்பதை இந்த ஊரில் எத்தனை முறை சொன்னாலும் தகும். சுபாங்கிலிருந்து வந்த ஒரு வேனின் புகைக்குழாய் முனையைத் தட்டியபோது, என் உள்ளங்கையில் காய்ந்த களிமண் கட்டியும், அதற்குள் அடைத்துவைத்திருந்த சிறு சிலந்திகளும் விழுந்தன. குழாய் முனைகளை மெல்லிய வலையால் மூடிவைத்து, ஓட்டும்முன் மறவாமல் எடுத்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை இருபது நிமிடம் முழுவேகத்தில் ஓட்டினால் பம்ப்பும் இறுகாது, மின்முனைகளில் ஈரமும் தங்காது.

இரவு முழுவதும் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் எரியும் அறை போதிய சூடு ஏறாமல் கரி படியும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல், வட தாய்லாந்தின் தோய் இந்தனோன் உச்சி 2,565 மீட்டர். உயரம் கூடக் காற்று அடர்த்தி குறைந்து, அதே அளவு டீசல் மிகுதியாகிக் கரி இன்னும் வேகமாகச் சேர்கிறது. ஆகையால் அணைக்கும் முன் கால்மணி நேரம் முழுவேகத்தில் ஓட்டுவதும், உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுவதும் வேண்டும். அணைத்த பின் விசிறி சில நிமிடம் சுற்றி அறையைக் குளிர்விக்கும். அந்த நேரத்தில் பேட்டரியின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் உள்ளே இருக்கும் உணரிகளையும் விசிறியையும் கெடுத்துவிடும்.

எஞ்சியிருப்பது உயிரைப் பற்றியது. ஹீட்டரின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டுப் போர்ட்டிக்கோவில் மூன்று பக்கமும் சுவர் இருக்க, வேன் கதவைத் திறந்துவைத்து ஹீட்டரைச் சோதிப்பவர்களைப் பார்த்து நான் பலமுறை அதட்டியிருக்கிறேன். திறந்தவெளியில் செய்யுங்கள். புகைக்குழாயின் முனை ஜன்னலுக்குக் கீழேயோ, எரிகாற்றை இழுக்கும் குழாய்க்கு அருகிலேயோ முடியக் கூடாது. ஹீட்டரை ஒருமுறை கழற்றினால், தரைக்கும் அதற்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டையும் (கசியாமல் அடைக்கும் தகடு) எரியும் அறையின் கேஸ்கெட்டையும் புதிதாகவே போட வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று பழையதைத் திரும்பப் போட்டு, புகை தரைக்கடியிலிருந்து உள்ளே கசிந்த வேனை நானே பார்த்திருக்கிறேன். அன்று அதைக் காட்டிக்கொடுத்தது படுக்கையருகே தலையணை உயரத்தில் மாட்டியிருந்த எச்சரிக்கைக் கருவிதான். உங்கள் வேனிலும் அதை அந்த உயரத்திலேயே மாட்டி, புறப்படும் நாளன்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி ஒலி எழுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.