வலையமைப்புச் சரிக்கட்டலின் முடிவுகளைச் சோதிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அளந்த கோணங்களும் தூரங்களும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அவற்றைச் சிறிது திருத்திப் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளைக் கணிப்பதே சரிக்கட்டல். நில அளவைக்குப் புதிதாக வருவோர் சரிக்கட்டல் அறிக்கையை வாசிப்பதைப் பார்க்கும்போது, எங்கள் தலைமுறை செய்த பிழைகளே திரும்ப வருவது தெரிகிறது. புள்ளி எண்ணை மாற்றிப் பதிவது, கருவியின் உயரத்தைக் குறிக்க மறப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெரிந்த புள்ளிகள் அனைத்தையும் முதலிலேயே நிலைநிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நிலைநிறுத்திய, அதாவது மாறக்கூடாதவை என்று கொடுத்த, ஆயத்தொலைவுகளை மென்பொருள் கேள்வி கேட்பதில்லை. அவற்றுள் ஒன்று பிசகியிருந்தால், அந்தப் பிசகு சுற்றியுள்ள கோணங்களிலும் தூரங்களிலும் மிச்சப் பிழையாக, அதாவது அளந்த மதிப்புக்கும் சரிக்கட்டிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடாக, பரவி, நல்ல அளவீடுகளைக் கெட்டவையாகக் காட்டும்.

ஒரு சாலைத் திட்டத்தில், தெரிந்த புள்ளி ஒன்றைக் குறிக்க ஓரமாக நட்டிருந்த கட்டுப்பாட்டுக் கல்லை மண் அள்ளும் இயந்திரம் இடித்து, ஏறத்தாழ 6 செ.மீ. நகர்த்தியிருந்தது. அதை அறியாத இளைஞர்கள் நான்கு கற்களையும் நிலைநிறுத்திச் சரிக்கட்டினார்கள். மிச்சப் பிழைகள் எதிர்பார்த்த அளவில் உள்ளனவா என்று மொத்தமாகப் பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை தேறவில்லை. மிச்சப் பிழை மிகுந்த தூரத்தை நீக்கினார்கள். பிறகு அடுத்ததை நீக்கினார்கள். அந்தக் கல்லைச் சோதிக்கக்கூடிய அளவீடுகள் அநேகமாக எல்லாம் போனபின் சோதனை தேறியது, அறிக்கையும் கையொப்பமாயிற்று. அந்தக் கல்லிலிருந்து குறித்த மையக்கோடும் எதிர்ப்புறத்திலிருந்து குறித்த மையக்கோடும் ஒரு சிறுபாலத்தருகே ஒட்டாமல் நின்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஒப்பந்ததாரர் தம் செலவில் மறுபடி அளக்க நேர்ந்தது.

டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளவீடுகளாயின் ஒரு புள்ளியையும் ஒரு திசைக்கோணத்தையும், ஜிஎன்எஸ்எஸ் அடிக்கோடுகளாயின் (செயற்கைக்கோள்கள் வழியே இரு புள்ளிகளுக்கு இடையே அளந்த கோடுகள்) ஒரு புள்ளியை மட்டும் நிலைநிறுத்தி முதலில் சரிக்கட்ட வேண்டும். அப்போது அளவீடுகள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்பது தனியாகத் தெரியும். அதன்பின், மற்றத் தெரிந்த புள்ளிகளுக்குக் கிடைத்த ஆயத்தொலைவுகளைக் கொடுக்கப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் நகர்ந்த கல் தனித்து நிற்கும். ஜிஎன்எஸ்எஸ் வலையில் மற்றவை யாவும் ஒரே திசையில் ஒரே அளவு விலகியிருந்தால், நிலைநிறுத்திய புள்ளியையே சந்தேகிக்க வேண்டும்.

சோதனை தேறும்வரை திட்டப் பிழைகளைப் பெருக்குவது

மிச்சப் பிழைகள் எதிர்பார்த்ததற்கு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் மாறுபாட்டுக் காரணி 1-ஐ ஒட்டி வர வேண்டும் என்பதற்காக எல்லாத் திட்டப் பிழைகளையும் (ஒவ்வோர் அளவீட்டிலும் எவ்வளவு பிழை இருக்கலாம் என்று முன்கூட்டியே கொடுக்கும் மதிப்புகள்) ஒரே எண்ணால் பெருக்கினால் சோதனை தேறித்தான் தீரும். அந்தத் தேர்ச்சி எதையும் நிரூபிக்காது. முதலில் பெரும்பிழைகளைத் தேடிக் களைய வேண்டும். அடிக்கோட்டு மென்பொருள்கள் தம் துல்லியத்தை மிகைப்படுத்திச் சொல்வது வழக்கமாதலால், அந்தத் தொகுதியின் திட்டப் பிழைகளை மட்டும் உயர்த்துவதற்கு நியாயம் உண்டு.

மிச்சப் பிழை சுழியம் என்று நிம்மதி அடைவது

ஒரே கோணமும் ஒரே தூரமும் கொண்டு எட்டிய புள்ளியில், ஒப்பிட வேறு அளவீடு இல்லாததால், அது எப்போதும் சுழியமே.

பிழை நீள்வட்டத்தின் நம்பக அளவைப் பாராதிருப்பது

புள்ளியின் இடத்தில் எவ்வளவு ஐயம் உண்டு என்பதைப் பிழை நீள்வட்டம் காட்டுகிறது. அறிக்கையில் பெருக்காமல் தரப்படும் திட்ட நீள்வட்டத்துக்குள் புள்ளி அமையும் வாய்ப்பு சுமார் 39 விழுக்காடுதான். 95 விழுக்காடு வேண்டுமானால் அச்சுகளை 2.45-ஆல் பெருக்க வேண்டும்.