கடையில் கார்டு விவரம் திருடு போனால்: நட்டம் உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் சின்னக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. மசாலாக் கடை, சேலைக் கடை, பூசைச் சாமான் கடை, வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஓர் அக்கா. பெரிய கடை ஏதாவது ஒன்று "உங்கள் விவரங்கள் வெளியே போயிருக்கலாம்" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் போதும், அன்றைக்கு எல்லாரும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "பணத்தை யாரு கொடுப்பா? திருட விட்டவன்தானே கொடுக்கணும்?"

நியாயம் அதுதான். ஆனால் கார்டு விஷயத்தில் திருட்டு ஓர் இடத்தில் நடக்கும், செலவு வேறோர் இடத்தில் நடக்கும், நட்டம் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் கணக்கில் வந்து உட்காரும். யார் யாரோடு என்ன ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், யார் எந்த நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பதை வைத்துத்தான் அது முடிவாகும். அந்த வழியைத் தெரிந்துகொண்டால் தப்பிக்க இடம் இருக்கிறது.

நட்டம் நகரும் வழி

உங்கள் கார்டைக் கொடுத்தது ஒரு வங்கி. கடையில் உள்ள ஸ்பீட்பாயிண்டின், அதாவது கார்டு தேய்க்கும் கருவியின், பின்னால் இருப்பது பெரும்பாலும் இன்னொரு வங்கி. நடுவில் வீசா அல்லது மாஸ்டர்கார்டு. உங்கள் ஒப்பந்தம் உங்கள் வங்கியோடு. கடையின் ஒப்பந்தம் அதன் வங்கியோடு. ஆகவே பணம் போனால் நீங்கள் முதலில் போய் நிற்க வேண்டியது உங்கள் வங்கியிடம்தான். கடை வாசலில் சத்தம் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை.

திருடிய எண்ணை ஓடிபி கேட்காத ஓர் இணையக் கடையில் போட்டுப் பொருள் வாங்கினால், நீங்கள் புகார் செய்ததும் வங்கி அந்தத் தொகையைத் திருப்பி இழுத்துக்கொள்ளும். இதுதான் சார்ஜ்பேக். நட்டம் அந்த இணையக் கடைக்கு. எண்ணைத் திருட விட்ட கடைக்கு அல்ல. ஓடிபியோ ஆப் ஒப்புதலோ கேட்டு நடந்த விற்பனை என்றால் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். தென்னாப்பிரிக்க இணையக் கடைகளுக்கு 2014இலேயே இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அதனால் இங்கே திருடிய எண்கள், ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில் செலவாவது சகஜம்.

2013இல் நம் ஊரிலேயே நடந்தது. டெக்ஸ்டர் என்ற தீநிரலின் ஒரு வகை துரித உணவுக் கடைகளின் கல்லாக் கணினிகளுக்குள் புகுந்து, தேய்த்த கார்டுகளின் காந்தப்பட்டை விவரத்தை உருவிக்கொண்டது. வங்கிகளுக்குக் கோடிக்கணக்கான ராண்ட் நட்டம் என்று அந்த அக்டோபரில் செய்தி வந்தது. உணவு விற்றவர் ஒருவர், காசை இழந்தவர் வேறொருவர்.

அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் போனது. உள்ளே நுழைந்த வழி, குளிர்சாதன வேலை செய்து கொடுத்த ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல். புதுக் கார்டு அச்சடித்து அனுப்பிய செலவு வங்கிகளுடையது. அதைத் திரும்ப வாங்க அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள்: மாஸ்டர்கார்டு வழியாக முதலில் பேசிய 1.9 கோடி டாலரைப் போதுமான வங்கிகள் ஏற்காமல் அந்த உடன்பாடே முறிந்தது. 2015 முடிவில்தான் 3.9 கோடி டாலருக்குப் படிந்தது. வீசா பக்கம் 6.7 கோடி வரை. டார்கெட் தானே போட்ட கணக்கில் மொத்தச் செலவு 29.2 கோடி டாலர், அதில் 9 கோடி காப்பீட்டிலிருந்து வந்தது. வாடிக்கையாளருக்கு? எல்லாருக்குமாகச் சேர்த்து 1 கோடி. ஆதாரக் காகிதம் வைத்திருந்தவர் 10,000 டாலர் வரை கேட்கலாம், மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு.

குறுஞ்செய்தி வந்த அன்றே

கடையிலிருந்து வந்த அந்த அறிவிப்பை அழிக்காதீர்கள். படம் எடுத்து, தேதியோடு பத்திரப்படுத்துங்கள். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போப்பியா, அதன் 22ஆம் பிரிவில் கடை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. "ஒரு சிறிய சம்பவம்" என்று பூசி மெழுகினால் போதாது. என்ன பாதிப்பு வரலாம், கடை என்ன செய்யப்போகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம் வங்கி ஆப்பைத் திறந்து அந்தக் கார்டை நிறுத்திவிட்டுப் புதுசு கேளுங்கள். இணையத்தில் வாங்குவதற்கு வர்ச்சுவல் கார்டு வைத்துக்கொள்வது நல்லது; எண் திருடு போனாலும் ஒரு தட்டில் அதை ஒழித்துவிடலாம். வெளிநாட்டுச் செலவு உங்களுக்குத் தேவையில்லை என்றால் அந்த வசதியை அணைத்து வையுங்கள். அடையாள எண்ணும் சேர்ந்து போயிருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கடன் கொடுப்பவருக்கு எச்சரிக்கை போகும்.

இனி வருவதுதான் முக்கியம். விவரம் கசிந்த சில நாளில் தொலைபேசி வரும். "வங்கி மோசடிப் பிரிவிலிருந்து பேசுகிறோம் ஆண்ட்டி, உங்கள் கார்டில் 8,900 ராண்ட் செலவு காட்டுகிறது, நீங்களா?" பதறிப்போய் இல்லை என்பீர்கள். "சரி, ரத்து செய்கிறோம், இப்போது ஆப்பில் வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள்." உங்கள் பெயர், கார்டின் கடைசி நான்கு எண், போன வாரம் வாங்கிய பொருள்கூட அவருக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாம் கடையிலிருந்து போனவை. திரையில் தொகையும் கடைப் பெயரும் தெளிவாக எழுதியிருக்கும். கீழே ஏற்க, மறுக்க என்று இரண்டு பொத்தான். ரத்து செய்ய யாரும் 'ஏற்க' அழுத்தத் தேவையே இல்லை. அதை அழுத்தாதவரை நட்டம் வங்கிக்கோ எங்கோ இருக்கும் இணையக் கடைக்கோ. அழுத்திவிட்டால் "நீங்களே ஒப்புதல் கொடுத்தீர்கள்" என்று வங்கி எழுதிவிடும். பின்னால் வாதாடலாம், ஆனால் கஷ்டம். அழைப்பைத் துண்டித்துவிட்டு, கார்டின் பின்புறம் உள்ள எண்ணை நீங்களே கூப்பிடுங்கள்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் அன்றே வங்கியில் புகார் எழுதி, குறிப்பு எண் வாங்குங்கள். சார்ஜ்பேக்குக்குப் பொதுவாக 120 நாள் கெடு என்றாலும், அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்குங்கள். உறுதிமொழிப் பத்திரத்தையும் அங்கேயே இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள். கிரெடிட் கார்டு என்றால் விசாரணை முடியும்வரை தொங்குவது வங்கியின் பணம். டெபிட் கார்டு என்றால் உங்கள் சம்பளம். அது போனதும் வீட்டுக் கடன், காப்பீடு, சவ அடக்கச் சங்கச் சந்தா என்று மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழியும் டெபிட் ஆர்டர்கள் பணமில்லாமல் வரிசையாகத் திரும்பும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம் விழும். திருட்டுத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் கட்டணங்களை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கணக்கு அறிக்கையில் பேனாவால் வட்டம் போட்டு அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

வங்கி மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். முன்பு வங்கிக்கு, கடனுக்கு, காப்பீட்டுக்கு என்று தனித்தனியாக இருந்தவற்றை 2024 மார்ச் 1 முதல் ஒன்றாக்கியிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கடைமேல் வழக்குப் போடலாமா? போடலாம். போப்பியா 99ஆம் பிரிவில், கடை வேண்டுமென்றே செய்ததா, அசட்டையாக இருந்ததா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் வேண்டுகோளின் பேரில், இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் தகவல் ஒழுங்காணையமே உங்களுக்காக வழக்குத் தொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. சின்னத் தொகைக்கு அந்த அலைச்சல் கட்டுப்படியாகுமா என்பது வேறு. அபராதச் செய்தியைப் படித்துச் சந்தோஷப்படாதீர்கள்: சட்டம் 1 கோடி ராண்ட் வரை அனுமதிக்கிறது, ஆனால் அது உங்கள் கைக்கு வராது. 2023 ஜூலையில் ஒழுங்காணையம் போட்ட 50 லட்சம் ராண்ட் அபராதம் நீதித் துறையின் மேலேயே விழுந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருளின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள்!

ஸ்பீட்பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு

பலகார அக்காவின் மேசை இழுப்பறையில் ஒரு குரோக்ஸ்லி நோட்டு இருந்தது. தீபாவளி ஆர்டர் நோட்டு. இடப்பக்கம் லட்டு 2 கிலோ, பர்ஃபி 1 கிலோ. வலப்பக்கம் 16 இலக்கக் கார்டு எண், முடிவுத் தேதி, பின்புறத்து மூன்று எண், எல்லாம் நீல பேனாவில். "அடுத்த வருஷம் திரும்பக் கேட்க வேண்டாமே தங்கச்சி" என்றார். அந்த மூன்று எண்ணைப் பணம் எடுத்த பிறகு எந்த வடிவத்திலும் வைத்திருக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்பு விதி. பூட்டிய கணினியாக இருந்தாலும் நோட்டாக இருந்தாலும் ஒன்றுதான். அந்தப் பக்கங்களைப் பொடியாகக் கிழித்துவிட்டுத்தான் நான் அவருடைய மாதக் கணக்கைத் திறந்தேன்.

சேலைக் கடையில் நடந்தது வேறு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பட்டுச் சேலைகள் கேட்டார், கார்டு எண்ணைச் சொன்னார், கடையில் அதை ஸ்பீட்பாயிண்டில் கையால் தட்டினார்கள், கூரியர் போனது. பிறகு வங்கி அறிக்கையில் ஒரே ஒரு வரி, முன்னால் கழித்தல் குறி. கூரியர் கையெழுத்தைக் காட்டினோம். கார்டுக்காரர் வாங்கினார் என்று அது நிரூபிக்காது என்றார்கள். சேலையும் போச்சு, பணமும் போச்சு, சார்ஜ்பேக் கட்டணமும் தண்டம். தொலைபேசி ஆர்டருக்கு இனி எண்ணை வாங்காதீர்கள். பணம் கட்டும் இணைப்பை அனுப்புங்கள். வாங்குகிறவர் அதில் ஓடிபி போட்டால் மோசடிப் பொறுப்பு பெரும்பாலும் அவர் வங்கிக்குப் போய்விடும்.

ஸ்பீட்பாயிண்ட் ஒப்பந்தத்தை ஒரு முறையாவது படியுங்கள். உங்கள் கடையிலிருந்து எண்கள் கசிந்தால் தடயவியல் ஆய்வுச் செலவு, கார்டு நிறுவனம் போடும் தண்டம், மற்ற வங்கிகள் புதுக் கார்டு கொடுத்த செலவு எல்லாம் உங்கள் வங்கி வழியாக உங்களிடமே வரும் என்று ஒரு பத்தி இருக்கும். ஆண்டுதோறும் நிரப்பச் சொல்லும் பாதுகாப்புக் கேள்வித்தாளைக் கண்ணை மூடிக்கொண்டு "ஆம்" போட்டால், பிற்பாடு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. வெளி ஆளிடம் தகவலைக் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். டிஸ்கெம் என்ற மருந்துக் கடைச் சங்கிலிக்கு 2022இல் அதுதான் ஆனது: ஒப்பந்த நிறுவனம் வழியாக சுமார் 36 லட்சம் பேரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண்கள் போயின, 2023இல் ஒழுங்காணையத்தின் ஆணை வந்தது டிஸ்கெமுக்கு.

காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் பி.எஃப். சாங்ஸ் உணவகங்களிலிருந்து 2014இல் சுமார் 60,000 கார்டு எண்கள் போயின. ஆய்வு, வழக்குச் செலவுக்காகக் காப்பீட்டு நிறுவனம் 17 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் மாஸ்டர்கார்டு தண்டமாக வங்கி தள்ளிவிட்ட 19 லட்சத்தைத் தர மறுத்தது. ஒப்பந்தத்தால் நீங்களாக ஏற்றுக்கொண்ட கடன் பாலிசியில் அடங்காது என்றது. 2016இல் அரிசோனா நீதிமன்றமும் அதையே சொன்னது. உங்கள் புரோக்கரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "கார்டு நிறுவனம் என் வங்கிமேல் போடும் தண்டத்தை வங்கி என்மேல் தள்ளினால், அதற்கு இந்தப் பாலிசி பணம் தருமா?" பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.