அக்பரின் தங்கசாலையில் மாற்றுப் பார்த்த முறையும், அதில் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். அக்பரின் தங்கசாலையில் பத்தரை என்பது நிஜமான அளவு. மாற்று என்றால் தங்கத்தின் சுத்த அளவு. மாற்று அறியும் ஊசிகளைச் செய்ய எடுத்துக்கொண்ட தூய தங்கத்தின் தரம் அங்கே 10½. மாற்றுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘பான்’. ஊசியாலும் நாணயத்தாலும் உரைகல்லில் கோடு இழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் முறைக்குப் பெயர் ‘பன்வாரி’. அக்பரின் ஆட்சி முறையை விவரிக்கும் அபுல் ஃபசலின் நூலான அயினி அக்பரி இதை எடை, பங்கு, புடக் கணக்கோடு எழுதி வைத்திருக்கிறது. முறை எளிதாகத்தான் தெரியும். தவறுவதற்கு இடமும் நிறைய.

முதலில் எடைகள். சுர்க் என்பது நம் குன்றிமணி. 8 சுர்க் ஒரு மாஷா, ஏறக்குறைய ஒரு கிராம். 12 மாஷா ஒரு தோலா. அக்பரின் வட்ட மொகர் என்ற தங்க நாணயம் 11 மாஷா, சுமார் 10.9 கிராம்.

நிறத்தை நம்புவது

தேர்ந்த சராஃப்கள், அதாவது நாணயம் சோதிப்பவர்கள், நிறத்தையும் பளபளப்பையும் பார்த்தே மாற்றுச் சொல்லிவிடுவார்கள் என்பதை அயினி அக்பரியே ஒப்புக்கொள்கிறது. ஆனால் மற்றவர்களும் ஏற்க வேண்டுமே, அதற்காகத்தான் ஊசி முறை என்கிறது. காரணம் உலோகத்திலேயே இருக்கிறது. செம்பு கலந்தால் தங்கம் சிவக்கும். வெள்ளி கலந்தால் வெளிறிப் பச்சை தட்டும். இரண்டையும் அளவறிந்து சேர்த்தால் ஒன்றின் சாயலை மற்றொன்று மறைத்துவிடும். மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். கலப்படக்காரன் கண்ணை ஏமாற்றக் கையாளும் வழி இதுதான்.

ஊசியிலேயே பிழை

பித்தளை போன்ற உலோகத்தில் நீண்ட ஊசிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டுத் தங்கம், அதன் மாற்று எழுதப்பட்டிருக்கும். அந்தப் பொட்டுகளைச் செய்யும் விதம்தான் இந்த முறையின் உயிர். 1 மாஷா சுத்த வெள்ளியையும் 1 மாஷா நல்ல செம்பையும் சேர்த்து உருக்கி இறுகவிடுவார்கள். அதை 6 மாஷா பத்தரைத் தங்கத்தோடு மறுபடி உருக்குவார்கள். வந்த கலவையில் 1 மாஷா எடுத்து, அரை சுர்க் வீதம் 16 பங்காக்குவார்கள். 7½ சுர்க் தூய தங்கத்தோடு ஒரு பங்கு சேர்த்தால் 10¼ பான். 7 சுர்க்கோடு இரண்டு பங்கு, 10 பான். 6½ சுர்க்கோடு மூன்று பங்கு, 9¾. மொத்த எடை எப்போதும் 8 சுர்க்தான்.

‘இவ்வளவு சுற்று எதற்கு, வெள்ளியையும் செம்பையும் நேராகத் தங்கத்தில் போட்டால் என்ன’ என்று தோன்றும். கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். கலவையில் கால் பங்குதான் வெள்ளியும் செம்பும். ஆக, அரை சுர்க் பங்கில் அவை இருப்பது எட்டில் ஒரு சுர்க், சுமார் 15 மில்லிகிராம். அந்தக் காலத் தராசில் அதைத் தனியாக நிறுத்தால் தராசின் பிழையே பாதியைத் தின்றுவிடும். அதோடு, துளியளவு செம்பைத் தனியாகச் சூட்டில் வைத்தால் கருகி ஆக்ஸைடாகிவிடும்; ஊசியில் எழுதியதைவிடத் தங்கம் சுத்தமாகிவிடும். அப்படிப்பட்ட ஊசியோடு ஒப்பிட்டால் நல்ல நாணயமும் மட்டமாகத் தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த ஊசிகளில் வெள்ளியும் செம்பும் சரிபாதி. சோதிக்கும் நாணயத்தில் வெள்ளி மட்டும் இருந்தால், கோட்டின் சாயல் எந்த ஊசியோடும் ஒட்டாது. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஊசியைப் பிடித்து மாற்றுச் சொல்லிவிடக் கூடாது; அந்த நாணயத்தைப் புடத்துக்கு, அதாவது தீயிலிட்டுச் சுத்தம் பார்க்க, அனுப்ப வேண்டும்.

கோடு போடும் கை

உரைகல்லில் நாணயத்தால் சில கோடு, ஊசியால் சில கோடு. எல்லாவற்றையும் ஒரே விதமாக, ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றுக்கு இடமாகும் என்று அயினி அக்பரி தனியாக எச்சரிக்கிறது. உரைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அழுத்தி இழுத்த கோட்டில் தங்கம் தடிப்பாகப் படிந்து நிறம் செழிக்கும். லேசாக இழுத்தால் கல்லின் கறுப்பு ஊடே தெரிந்து வெளிறும். ஒரே தங்கம்தான், இரண்டு மாற்றாகத் தெரியும். விற்பவன் கையில் கல்லைக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

நாணயத்தின் கோட்டை நடுவில் வைத்து, இரு பக்கமும் இரண்டு ஊசிகளின் கோடுகளை ஒட்டி இழுப்பது நல்லது, ஒன்று அதைவிடக் கூடுதல் மாற்று, மற்றது குறைவு. ஒரே ஊசியோடு ஒப்பிட்டால் ‘ஏறக்குறைய அதேதான்’ என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். நேர் வெயிலும் விளக்கு வெளிச்சமும் உதவாது. விளக்கின் மஞ்சள் எல்லாக் கோட்டையும் உயர்த்திக் காட்டும். பகல் வெளிச்சம் விழும் நிழலில் பார்க்க வேண்டும். பழைய கோட்டின் பொடி ஒட்டியிருக்கும் கல்லும் பொய் சொல்லும்.

தோலை உரைப்பது

முதல் கோடு நாணயத்தின் தோலைத்தான் காட்டும். காய்ச்சிப் புளிப்பில் போட்டு எடுத்த தங்கத்தில் மேற்பரப்புச் செம்பு கரைந்து போயிருக்கும். மண்ணில் நெடுநாள் கிடந்த காசும் அப்படியே. மேலே மாற்று கூடுதல், உள்ளே குறைவு. முலாம் பூசிய காசு என்றால் கேட்கவே வேண்டாம். விளிம்பில் ஓரிடத்தில் இரண்டு மூன்று முறை உரைத்துக் கழித்துவிட்டு, அதே இடத்தில் இழுக்கும் கோட்டைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய மொகர்களிலும் ரூபாய்களிலும் சராஃப்கள் வைத்த வெட்டுகளையும் குத்துகளையும் காணலாம். உள்ளே என்ன உலோகம் என்று பார்த்த தடயம் அது.

புடத்தைக் குறைப்பது

உரைகல்லில் கால் பானுக்கு மேல் நுணுக்கம் எதிர்பார்ப்பது வீண். அதற்குமேல் தீதான். நூறு மொகர் எடைத் தங்கத்துக்கு நான்கு சேர் வெடியுப்பு, நான்கு சேர் சுடாத செங்கல் தூள். இன்றைய கணக்கில் ஒவ்வொன்றும் சுமார் 2.5 கிலோ. தங்கத்தைத் தகடாக்கி, கழுவி, இந்தக் கலவையை இடையிடையே போட்டு அடுக்கி, வறட்டியால் மூடி மெதுவாக எரியவிடுவார்கள். வெள்ளியும் செம்பும் உப்போடு சேர்ந்து தூளில் இறங்கும். தங்கம் தகட்டிலேயே நிற்கும். ஒரு கலவைக்கு மூன்று தீ. இப்படி ஆறு கலவை, பதினெட்டுத் தீ.

தகடு தடிப்பாக இருந்தால் உப்பு உள்ளே எட்டாது. மேலே பத்தரை, நடுவில் பழைய மாற்று. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தகடு உருகிச் சுருண்டுவிடும், உப்பு தொடுவதற்குப் பரப்பே இருக்காது. பக்கவாட்டுச் சாம்பலைக் கொட்டிவிடுவது இன்னொரு நஷ்டம். ‘சலோனி’ என்ற அந்தச் சாம்பலில்தான் வெள்ளி இருக்கிறது; அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள்.

பிறகு ஒரு தகட்டை ஒடித்துச் சத்தம் கேட்பார்கள். மென்மையாக வந்தால் தேறியது, கரகரத்தால் இன்னும் மூன்று தீ. சத்தத்தோடு நின்றுவிடுவதும் தவறு. ஒவ்வொரு தகட்டிலிருந்தும் ஒரு மாஷா வெட்டி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தகடாக்கி, அதை உரைத்துப் பார்த்தார்கள். அடுக்கின் ஓரத்தில் இருந்த தகட்டுக்கும் நடுவில் இருந்ததற்கும் சூடு ஒன்றாக இருந்திராது. நன்றாக வெந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினால் மொத்தத்தின் மாற்று தெரியாது.

அங்கே இருந்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. தூய தங்கம் 2 தோலா, புடம் போட்ட தங்கம் 2 தோலா. ஒவ்வொன்றிலும் சம எடையில் 20 தகடு. இரண்டையும் ஒரே கலவையில், ஒரே தீயில் வைத்து, கழுவி, நல்ல தராசில் நிறுப்பார்கள். எடை சமமாக நின்றால் சுத்தம். தூய தங்கத்தை வீணாக ஏன் தீயில் போடுவது என்று அதை விட்டுவிட்டால் சோதனையே கெட்டது. கழுவும்போது போகும் துணுக்கும், ஒட்டிக்கொள்ளும் உப்பும் எடையை மாற்றும். தூய தங்கத்துக்கும் அதே கதிதான் என்பதால் அந்தப் பிழை இரு பக்கமும் கழிந்துவிடும்.

படிப்பவர்கள் செய்யும் தவறு

இந்துஸ்தானத்தில் உச்ச மாற்றைப் ‘பாராபானி’, அதாவது 12 பான், என்றார்கள். பாரசீகத்தில் பத்துக்கு மேல் கணக்கில்லை. உடனே ‘12 என்பது 24 காரட், எனவே 10½ என்பது 21 காரட்’ என்று பெருக்கிவிடுகிறார்கள். தவறு. மேலே சொன்ன கலவையையே எடுங்கள்: 10¼ பானில் 8 சுர்க்குக்கு எட்டில் ஒரு சுர்க்தான் கலப்பு, அதாவது 64-இல் ஒரு பங்கு. பத்தரையைச் சுத்தமாக வைத்தால் 10¼ என்பது 98.4 சதவீதம். 21 காரட் என்றால் 87.5 சதவீதம்தான். அக்பரின் மொகர்கள் அதைவிட மிகவும் மேலான தங்கம்.

தக்காணத்து ஹூன், நாம் வராகன் என்பது, பத்து மாற்றென்று எண்ணப்பட்டு வந்தது. அக்பர் காலத்தில் அதை 8½ என்று நிர்ணயித்தார்கள். டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் சிறிய வட்ட தினார் 12 என்ற பெயரோடு இருந்து 10½-க்கு இறங்கியது. காசுகள் பழையவைதான், மாறியது ஒப்பிட்ட ஊசி. ஆகவே ஒரு பழைய ஆவணத்தில் ‘பத்து மாற்று’ என்று கண்டால், எந்தத் தங்கசாலையின் ஊசி, எந்த ஆண்டு என்று பார்க்காமல் சதவீதம் எழுதாதீர்கள்.