கண்டியில் ஒரே நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

ஹட்டன் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போய் அன்றே திரும்புவதாக இருந்தால் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று சுற்றிப் போய்ச்சேர மூன்று மணித்தியாலம் வரை ஆகும். சாயந்தரம் ஹட்டன் டவுனிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ் சீக்கிரமே நின்றுவிடும், அதனால் அதைக் கணக்கில் வைத்துத்தான் நாள் முழுவதையும் திட்டமிட வேண்டும். கண்டி பஸ் நிலையத்தில் இறங்கியதுமே டைம்கீப்பரிடம் திரும்பும் பஸ் நேரங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை. பூசை காலை 5.30, 9.30, மாலை 6.30. நமக்குச் சரிப்படுவது 9.30 தான். மாலைப் பூசை, கண்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்குபவர்களுக்கு. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், செருப்பை வெளியே விடவேண்டும். இலங்கையர்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனாலும் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். உள்ளே தெரிவது பேழைதான், புனிதப் பல் அல்ல. பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அங்கேயே இருக்கும் மகுல் மடுவையைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கொஞ்சம் நில்லுங்கள். கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்த ஒப்பந்தம் 1815 மார்ச் 2இல் கையெழுத்தானது இந்த மர மண்டபத்தில்தான். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன். வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். வெளியே வந்ததும் தெரியும் வாவியை வெட்டுவித்தவனும் அவன்தான். வாவியை முழுதாகச் சுற்ற வேண்டாம், நிழல் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

மத்தியானத்துக்குப் பிறகு பேராதனைப் பூங்கா அல்லது ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம், ஏதாவது ஒன்று மட்டும். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேராதனை: 147 ஏக்கர், பனைமர வரிசைகள், கொத்துக்கொத்தாகத் தொங்கும் பெரிய வௌவால்கள். சோத்துப் பார்சலைத் திறக்கும்போது குரங்குகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். பெரியவர்கள் கூட வந்தால் நான் ஹந்தானைக்கே போகச் சொல்வேன். 1925இல் கட்டிய பழைய பேக்டரிதான் அருங்காட்சியகம். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி அங்கே இருக்கிறது, கொழுந்தை உருட்டும் பழைய ரோலர்களும் இருக்கின்றன. கூடை சுமந்தவர்களின் கதையைப் பாட்டியோ தாத்தாவோ பக்கத்தில் நின்று சொன்னால்தான் அந்த இடம் முழுமையாகும். ஏற்றமான பாதை, அதனால் ஆட்டோவில் போங்கள், ஏறும் முன்பே காசைப் பேசிவிடுங்கள்.

பேராதனைக்குப் போனாலும் திரும்பும்போது கண்டி பஸ் நிலையத்துக்கே வந்து ஏறுங்கள். வழியில் ஏறினால் கம்பளை வரை நின்றுகொண்டுதான் போக வேண்டியிருக்கும். அப்புறம், தலதா மாளிகை ஊர்வலமான எசல பெரஹரா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் இந்தத் திட்டம் சரிவராது. கண்டி டவுனுக்குள் வீதிகளை மூடிவிடுவார்கள்.