பெரிய வண்டியின் மைலேஜ்: சரியாக அளப்பது எப்படி, டீசல் எங்கே போகிறது?

லேண்ட் குரூசர், டிஃபெண்டர், ஜி-கிளாஸ் எதுவானாலும், டாஷ்போர்டு காட்டும் மைலேஜை வைத்து மெக்கானிக்கிடம் போகாதீர்கள். அது கம்ப்யூட்டர் போடும் உத்தேசக் கணக்கு. பல வண்டிகளில் உண்மையைவிடக் கூட்டித்தான் காட்டும். டேங்க் டு டேங்க் அளந்தால்தான் விஷயம் தெரியும்.

சமதளமான பெட்ரோல் பங்கில் நாசில் கட் ஆகும்வரை நிரப்புங்கள். டீசல் நுரைக்கும், பெரிய டேங்கில் அந்த நுரை ஓரிரு லிட்டரை மறைத்துவிடும். ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டாவது கட் வரை மெதுவாக விட்டு நிறுத்துங்கள். தொகை ரவுண்டாக வரட்டும் என்று மேலே ஊற்றச் சொல்லக் கூடாது. குறைந்தது 50 லிட்டர் தீர்ந்த பிறகு அதே பங்கில், அதே பம்பில், வண்டியை அதே பக்கம் பார்க்க நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். நிரப்புவதில் 2 லிட்டர் பிசகினால் 20 லிட்டருக்கு அது 10 சதவீதத் தப்பு. 60 லிட்டருக்கு 3 சதவீதம்தான்.

மூன்று முறை நிரப்பியதும் மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். ஊருக்குள் 300 கி.மீ. ஓடியதில் லிட்டருக்கு 5 கி.மீ., ஹைவேயில் 300 கி.மீ. ஓடியதில் லிட்டருக்கு 10 கி.மீ. கிடைத்தால் சராசரி ஏழரை அல்ல. 600 கி.மீ.க்கு 90 லிட்டர், அதாவது 6.7.

பங்கின் அளவில் சந்தேகமா? 5 லிட்டர் முத்திரை அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம்.

டயர் மாற்றியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17 போட்டால் விட்டம் 7 சதவீதம் கூடும். ஓடோமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். கிலோமீட்டரை 1.07 ஆல் பெருக்கிய பிறகு வகுங்கள்.

இனி இழப்புக்கு வருவோம். சென்னையில் முதல் காரணம் ஐட்லிங். ஏசியோடு சும்மா நிற்கும் 3 லிட்டர் டீசல் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். தி.நகரில் நீங்கள் கடைக்குள் இருக்கும் இரண்டு மணி நேரமும் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி நிற்கும்? டிரைவரை வெயிலில் வேகவிடச் சொல்லவில்லை. அவர் உட்கார நிழலான இடம் பார்த்துக் கொடுங்கள்.

அடுத்தது டிபிஎஃப், அதாவது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர். பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் ஃபில்டரில் கரி சேரும். அதை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தும். பாதியில் ஆஃப் செய்தால் அடுத்த முறை முதலிலிருந்து தொடங்கும். எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே ஆயிலை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் அரை மணி நேரம் 70, 80-ல் சீராக ஓட்டுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது பிரேக். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மழைத்தண்ணீரில் இறங்கி வந்த வண்டியில் கேலிப்பரின் (பிரேக் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) ஸ்லைட் பின், அதாவது கேலிப்பர் நகர உதவும் கம்பி, துருப்பிடித்து இறுகும். பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். 15 கி.மீ. அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி, நிறுத்தியவுடன் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் பாருங்கள். முன்சக்கர டிஸ்க் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின்சக்கர டிஸ்க் இரண்டும் அப்படியே. ஒரு பக்கம் 40, 50 டிகிரி கூடியிருந்தால் அந்தக் கேலிப்பரைக் கழற்றுங்கள். நல்ல ஸ்லைட் பின், விரலால் தள்ளினாலே உள்ளே போய் வரும். இறுகியது பழுப்புத் துருவோடு அசையாது. சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். சாதாரண கிரீஸ், பின்னை மூடும் ரப்பர் உறையை (பூட்) உப்பவைத்து, பின்னை மறுபடி இறுக்கிவிடும். கிழிந்த உறையை அப்படியே விட்டால் அடுத்த மழைக்குள் இதே வேலை திரும்ப வரும்.

டயர் காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். அளவு கதவுத் தூணின் ஸ்டிக்கரில் இருக்கும். மணலில் ஓட்டக் காற்றை இறக்கியிருந்தால் தார் ரோட்டில் ஏறும் முன் பழையபடி ஏற்றுங்கள். வேலையில்லாத ரூஃப் ரேக்கைக் கழற்றி வையுங்கள். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடும்.

இவ்வளவு பார்த்தும் மைலேஜ் ஏறவில்லையா? வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். அரை மணி ஓடியும் 70 டிகிரிக்குக் கீழேயே நின்றால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி மாட்டியிருக்கும். டிபிஎஃப் சுத்தமாகாததற்கும் பல நேரம் அதுவே காரணம்; முதலில் அதை மாற்றுங்கள்.