எண்ணிக்கையை விட்டேன், வாசிப்பு திரும்பியது

ஆண்டுக்கு 52 புத்தகம், அதாவது வாரத்துக்கு ஒன்று. இந்தச் சவாலை மூன்று வருடம் விடாமல் எடுத்தேன். மூன்றாவது வருடம்தான் கவனித்தேன், தடிமனான நாவல்களை நான் கையில் எடுப்பதே இல்லை. நவம்பர் வந்தால் நூறு பக்கப் புத்தகங்களாகத் தேடித் தேடி முடிப்பேன். அதைவிட வருத்தம், பெரிய மகளும் தனக்கென்று ஒரு பட்டியல் போட்டு, பிடித்த கதையை மறுபடி படிக்க மறுத்தாள். "அது கணக்குல வராதேம்மா" என்றாள். அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது.

அன்றே எண்ணுவதை நிறுத்தினேன். அதற்குப் பதில் தினமும் 20 பக்கம். வருடத்துக்கு 7,300 பக்கம். 250 பக்கப் புத்தகம் என்றால் ஏறக்குறைய 29. குறைவுதான், ஆனால் ஆயிரம் பக்க நாவல் இப்போது ஐம்பது நாள் வேலை, அவ்வளவுதான். மறுவாசிப்பும் சேர்த்தி. 50 பக்கம் தாண்டியும் மனம் ஒட்டாவிட்டால் மூடி வைத்துவிடுவேன்.

மகள்களுக்கு இலக்கே கிடையாது. இரவில் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு மூவரும் அரை மணி நேரம் படிப்போம். சின்னவளுக்கு நான் வாய்விட்டு வாசிப்பேன். பெரியவள் தன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே காதை இங்கே வைத்திருப்பாள். (நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள், நிறுத்தாதீர்கள்.) என்ன படிப்பது என்பதில் தலையிடுவதில்லை. படக்கதையும் வாசிப்புதான்.

போன வாரம் பெரியவள் அதே பழைய கதையை மறுபடி எடுத்தாள். நடுவில் ஒரு பக்கத்தைத் தங்கைக்கு அவளே வாசித்துக் காட்டினாள்.